42,000 ரூபா போச்சு: டெஸ்டிங் கோர்ஸ், வேலை கேரண்டின்னு போன் வந்தா பணம் கட்டறதுக்கு முன்னாடி இத படிங்க

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாராவது "சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ், கோடிங் தெரிய வேண்டாம், படிச்சு முடிச்சு கேப் விழுந்திருந்தாலும் பரவால்ல, வேலை கேரண்டி"ன்னு இன்ஸ்டால விளம்பரம் பாத்து நம்பர் குடுத்திருந்தீங்கன்னா தயவு செஞ்சு இன்னிக்கு பணம் கட்டிடாதீங்க, ஒரு பத்து நிமிஷம் இத படிச்சிட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க. எனக்கு 42,000 ரூபா போச்சு. நேத்து சாயங்காலம் தான் கடைசி மெயில் வந்துச்சு, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, டிக்கெட் குளோஸ்"னு. என்ன தீர்த்தாங்க? ஒரு ரூபா திரும்பி வரல, ஒருத்தரும் பேசல, தீர்த்துட்டாங்களாம். ராத்திரி பூரா தூக்கம் இல்ல, அந்த கோவத்துல தான் டைப் பண்றேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

கம்பெனி பேர் போடல. ஆன்லைன்ல கோர்ஸ் விக்கிற ஒரு இடம், சொந்தமா ஆப் வெச்சிருக்காங்க, பெங்களூர் அட்ரஸ் போட்டிருக்காங்க, அவ்ளோ தான் சொல்ல முடியும். இதே மாதிரி பல பேர் பண்றாங்க, அதனால பேர விட எப்படி பண்றாங்கன்றது தான் நீங்க தெரிஞ்சுக்கணும்.

நான் பாலக்கோடு. தருமபுரி கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சேன், அப்பறம் கல்யாணம், குழந்தை, படிச்சதெல்லாம் அப்படியே நின்னு போச்சு. வீட்டுக்காரர் தக்காளி மண்டிக்கு லோடு வண்டி ஓட்டறார். பாப்பா ஸ்கூல் போக ஆரம்பிச்சதும் வீட்ல இருந்தே ஒரு வேலை பாக்கலாமேன்னு தான் டெஸ்டிங் (ஒரு ஆப்பு, சைட்டு சரியா வேலை செய்யுதான்னு சோதிச்சு தப்ப கண்டுபுடிக்கற வேலை) பத்தி தேடினேன். தேடின மறுநாள்ல இருந்து போன்ல எதத் தொறந்தாலும் இந்த விளம்பரம் தான்.

நம்பர் குடுத்த கொஞ்ச நேரத்துலயே போன். பேசுன பொண்ணு தன்ன கவுன்சிலர்னு சொல்லுச்சு. முதல்ல மேடம் மேடம்னு தான் பேசுச்சு, நான் பாலக்கோடுன்னு சொன்னதும் "ஐயோ அக்கா, நான் காரிமங்கலம் க்கா"ன்னு சொல்லுச்சு பாருங்க, அங்க தான் நான் நம்புனேன். நம்ம ஊரு பொண்ணு, நம்ம பேச்சு, எங்க அத்தைக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கூட அடுத்த போன்ல ஞாபகம் வெச்சு கேட்டுச்சு. "அக்கா உங்கள மாதிரி கல்யாணம் ஆகி கேப் விழுந்தவங்களுக்காகவே டிசைன் பண்ண கோர்ஸ் க்கா, போன பேட்ச்ல பென்னாகரத்துல இருந்து ஒரு அக்கா சேந்தாங்க, இப்ப ஒர்க் ஃபிரம் ஹோம், பாருங்க ஆஃபர் லெட்டர்"னு வாட்ஸாப்ல அனுப்புச்சு. பேர மறைச்சிருந்துச்சு, பிரைவசிக்காகன்னு சொல்லுச்சு. சொந்த ஊரு பொண்ணு சொல்லும் போது யாருக்குங்க சந்தேகம் வரும்? அந்த நம்பிக்கைய வெச்சு தான் தொழிலே பண்றாங்க, அது தான் எனக்கு பணத்த விட அதிகமா எரியுது.

மொத்தம் 42,000. இதுல 12,000 சீட் பிளாக் பண்ண, ஜிபேல கட்டினேன், மகளிர் குழுவுல எடுத்த பணம் அது. மீதி 30,000 "இன்ஸ்டால்மென்ட் க்கா, மாசம் 5,000, ஆறு மாசம், வட்டியே கிடையாது"ன்னு சொல்லி ஒரு லிங்க் அனுப்புச்சு. ஆதார் ஓடிபி, பான், பேங்க் டீட்டெயில் எல்லாம் கேட்டுச்சு. "சீட் கன்ஃபார்ம் ஆகுறதுக்கு கேஒய்சி க்கா, எல்லாருக்கும் இருக்கறது தான்"ன்னு போன கட் பண்ணாமயே கூட இருந்து போட வெச்சுச்சு. அது கோர்ஸ் கம்பெனிக்கு நான் கட்டற தவணையே இல்லங்க, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில என் பேர்ல எடுத்த லோனு. லோன்ன்ற வார்த்தைய அந்த பொண்ணு ஒரு தடவ கூட வாயில எடுக்கல. அந்த ஃபைனான்ஸ்காரன் முழு பணத்தையும் அன்னிக்கே கோர்ஸ் கம்பெனிக்கு குடுத்துட்டான், என் அக்கவுன்ட்ல மாசா மாசம் 5ஆம் தேதி தானா பிடிக்க ஆட்டோ டெபிட்டும் போட்டாச்சு. இப்ப கோர்ஸ் வேண்டாம்னாலும் லோன் நிக்காது, நிறுத்துனா பவுன்ஸ் சார்ஜ், சிபில் ஸ்கோர் போகும்னு பயமுறுத்தி மெசேஜ் வருது.

ரீஃபண்ட் பாலிசின்னு ஒன்னு இருக்கு, பணம் கட்டின நாள்ல இருந்து 7 நாள். ஆனா என் பேட்ச் எப்ப ஆரம்பிச்சாங்க தெரியுமா, "பேட்ச் இன்னும் ஃபில் ஆகல க்கா, திங்கக்கிழம ஆரம்பிச்சிடும் க்கா"ன்னு தள்ளி தள்ளி, அந்த 7 நாள் தாண்டினதுக்கு அப்பறம் தான் முதல் கிளாஸே. கிளாஸே பாக்காம நல்லா இருக்கா இல்லையான்னு எப்படிங்க சொல்றது?

லைவ் கிளாஸ்னு சொன்னாங்க, வந்தது ரெக்கார்டட் வீடியோ. சரி போகுதுன்னு உக்காந்து படிச்சேன், பாப்பாவ தூங்க வெச்சிட்டு ராத்திரில. செலினியம்னு ஒரு டூல், கோட் எழுதி பிரவுசர தானா ஓட்டி சைட்ட சோதிக்கறது, அந்த பாடத்துல அவங்க காட்டுன பைத்தான் கோட அப்படியே எழுதி ஓட்டுனா எர்ரர், வெப்டிரைவர்ல (செலினியம்ல பிரவுசர ஓட்டற பகுதி) "ஃபைண்ட் எலிமென்ட் பை ஐடி"ன்னு ஒன்னு கிடையவே கிடையாதுன்னு சொல்லுது. எழுத்து எழுத்தா சரி பாத்தேன், தப்பே இல்ல. டவுட் குரூப்ல ஸ்கிரீன்ஷாட் போட்டேன். பதில் என்ன வந்துச்சுன்னா "உங்க லேப்டாப் 4 ஜிபி ரேம், அதான், அப்கிரேட் பண்ணுங்க". நான் அத நம்பி தருமபுரில போய் ரேம் விலை கூட விசாரிச்சேங்க. உண்மை என்னன்னா, அந்த மாதிரி எழுதற முறைய செலினியம்காரங்க 2022லேயே பைத்தான்ல இருந்து தூக்கிட்டாங்க. இப்ப "ஃபைண்ட் எலிமென்ட்"னு மட்டும் போட்டு உள்ள "பை டாட் ஐடி"ன்னு குடுக்கணும். செலினியமோட சொந்த வெப்சைட்ல, யார் வேணா ஓசில படிக்கலாம், அங்கயே எழுதி வெச்சிருக்கு. அதே மாதிரி செலினியம் குரோம் பிரவுசர ஓட்ட தேவைப்படற குரோம் டிரைவர தனியா டவுன்லோட் பண்ணி, ஜிப்ப பிரிச்சு, பாத் குடுக்கறதுக்கே ஒரு முழு வீடியோ ஓட்டுனாங்க, இப்ப வர்ற செலினியம் அத தானாவே எடுத்துக்குது. பழைய வீடியோவ வெச்சு இந்த வருஷ காசு வாங்கறாங்க.

இதெல்லாம் கூட தாங்கிக்கலாம், "லைவ் ப்ராஜெக்ட்" தான் என்னால தாங்கவே முடியல. அமெரிக்க இ-காமர்ஸ் கிளையன்ட், ரியல் டைம் எக்ஸ்பீரியன்ஸ், ரெஸ்யூம்ல போட்டுக்கலாம், ஆனா கான்ஃபிடென்ஷியல், லிங்க வெளிய ஷேர் பண்ணா உங்க ஐடி பிளாக் ஆகும்னு பில்டப் குடுத்துட்டு ஒரு லிங்க் அனுப்புனாங்க. தொறந்தா "ஸ்வாக் லேப்ஸ்"னு ஒரு கடை, லாகின் பாக்ஸுக்கு கீழயே யூசர் நேம் லிஸ்ட்டும் பாஸ்வேர்டும் எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி எழுதிருக்கு. பேக்கு, டீஷர்ட்டுன்னு கொஞ்சம் பொருள். அதுல "ப்ராப்ளம் யூசர்"னு ஒரு பேர்ல உள்ள போனா எல்லா பொருளுக்கும் ஒரே நாய் படம் வருது. நான் அத நிஜ பக்னே (சாஃப்ட்வேர்ல இருக்கற தப்பு) நெனச்சு, நோட்ல ஸ்டெப் எல்லாம் எழுதி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பக் ரிப்போர்ட் தயார் பண்ணி அனுப்புனேன். "எக்ஸலன்ட் வொர்க்"னு பதில்.

என் கூட படிச்சவ ஒருத்தி ஓசூர்ல இருந்து தினம் எலக்ட்ரானிக் சிட்டி போய் டெஸ்டிங் வேலை பாக்கறா. ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வந்தப்ப சந்தோஷமா அந்த லைவ் ப்ராஜெக்ட்ட காட்டுனேன். பாத்த உடனே அவ மூஞ்சி மாறிடுச்சு. "ஏய், இது சாஸ் டெமோ டி, ப்ராக்டிஸ் பண்றதுக்குன்னே விட்டிருக்கற சைட்டு, அந்த நாய் படம் வேணும்னே வெச்சது, உலகத்துல எல்லாரும் இதுல தான் பழகறாங்க, யார் கிட்டயும் காசு கேக்க மாட்டாங்க"ன்னு சொன்னா. வீட்டுக்காரர் பக்கத்துல தான் உக்காந்திருந்தார், ஒன்னும் சொல்லல, எந்திரிச்சு வெளிய போயிட்டார்.

அப்பறம் அவளே அவங்க குடுத்த "எக்ஸ்க்ளூசிவ் ஸ்டடி மெட்டீரியல்" பிடிஎஃப்ப தொறந்து பாத்தா. முதல் பக்கத்துல இவங்க லோகோ பெருசா இருக்கு, உள்ள பக்கத்துக்கு அடில பொடி எழுத்துல ஐஎஸ்டிக்யூபின்னு காப்பிரைட் வரி அப்படியே இருக்கு, அத அழிக்க கூட அவங்களுக்கு நேரம் இல்ல. ஐஎஸ்டிக்யூபின்றது டெஸ்டிங்க்கு உலகம் பூரா சர்டிபிகேட் பரீட்ச வெக்கிற அமைப்பு, அவங்க ஃபவுண்டேஷன் லெவல் சிலபஸ், 2023ல வந்த 4.0 வெர்ஷன், அவங்க சைட்லயே இலவசம். மாதிரி வினாத்தாள், விடை, விளக்கம், கலைச்சொல் அகராதி எல்லாமே இலவசம். ஊத்துல வர்ற தண்ணிய குடத்துல புடிச்சு, குடத்துக்கு பேர் எழுதி, என் கிட்ட 42,000க்கு வித்திருக்காங்க.

பரீட்ச பத்தியும் பொய். "எங்க சர்டிபிகேட்டே ஐஎஸ்டிக்யூபிக்கு சமம் க்கா"ன்னு சொல்லுச்சு அந்த பொண்ணு. அப்படி ஒன்னு கிடையாது. அந்த பரீட்சைய தனியா எழுதணும், 40 கேள்வி, 60 நிமிஷம், 26 எடுத்தா பாஸ், நம்மள மாதிரி இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்களுக்கு 15 நிமிஷம் கூட குடுக்கறாங்க. கோர்ஸ் சேராமயே நாமளா படிச்சு எழுதலாம், எந்த கம்பெனி லெட்டரும் வேண்டாம்.

பணம் திருப்பி கேட்டப்ப நடந்தது தனிக் கதை. முதல்ல அந்த காரிமங்கலம் பொண்ணு "பேசிட்டு சொல்றேன் க்கா"ன்னுச்சு. அப்பறம் "நான் இப்ப வேற டீம் க்கா". அப்பறம் டிபி காணோம், பிளாக். கஸ்டமர் கேர்ல ஒவ்வொரு தடவையும் புது ஆளு, ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து கதைய சொல்லணும், "சீனியர் டீமுக்கு எஸ்கலேட் பண்ணிருக்கோம், 48 மணி நேரத்துல கால் வரும்". வந்ததே இல்ல. ஒருத்தன் மட்டும் பேசுனான், "மேடம் நீங்க அட்டெண்டன்ஸ் 80 பர்சென்ட் இல்ல, ப்ளேஸ்மென்ட் கேரண்டி உங்களுக்கு அப்ளை ஆகாது"ன்னு. ரெக்கார்டட் வீடியோவுக்கு என்னங்க அட்டெண்டன்ஸ்? ப்ளேஸ்மென்ட்னு அனுப்புனது கூட, எல்லாரும் பாக்கற ஜாப் சைட்ல இருக்கற லிங்க காப்பி பண்ணி குரூப்ல போட்டது தான். லோன் பத்தி கேட்டா ஃபைனான்ஸ்காரன கேளுங்கன்றான், ஃபைனான்ஸ்காரன கேட்டா கோர்ஸ் கம்பெனி கேன்சல் லெட்டர் குடுக்கணும்ன்றான். 42,000 ரூபாங்க. எங்க வீட்ல அது எத்தன லோடு ஓட்டுனா வரும்னு அவங்களுக்கு தெரியுமா?

எது எது இலவசம்னு முழுசா, வரிசையா எழுதணும்னு தான் உக்காந்தேன், பாப்பா ஸ்கூல் விட்டு வர்ற நேரம் ஆயிடுச்சு, தோழி காட்டி நான் இப்ப படிக்கறத மட்டும் சொல்லிடறேன். தியரிக்கு அந்த ஐஎஸ்டிக்யூபி சிலபஸ் போதும். பவுண்டரி வேல்யூன்னு அதுல வரும், கோர்ஸ் வீடியோல ஒன்னுமே புரியல, சிலபஸ படிச்சிட்டு நம்ம கரன்ட் பில்ல வெச்சு நானே போட்டு பாத்தேன், 100 யூனிட் வரைக்கும் ஃப்ரீன்னா 100க்கும் 101க்கும் பில் சரியா வருதான்னு பாக்கணும், 500 தாண்டினா ரேட் ஸ்லாப்பே மாறும், அப்ப 500, 501, அந்த ஓரத்துல தான் தப்பு ஒளிஞ்சிருக்கும், இவ்ளோ தான் விஷயம். ஐஐடிகாரங்க நடத்தற என்பிடெல்ன்ற ஆன்லைன் பாட சைட்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங் பாடமே இருக்கு, வீடியோ இலவசம், சர்டிபிகேட் பரீட்ச வேணும்னா மட்டும் ஃபீஸ். ஆட்டோமேஷனுக்கு, அதாவது கோட் எழுதி தானா டெஸ்ட் பண்றதுக்கு, செலினியம், அதே மாதிரி இன்னொரு டூல் பிளேரைட், ரெண்டுக்கும் அவங்கவங்க சைட்லயே டாக்குமென்ட் இருக்கு, டெஸ்ட் ஆட்டோமேஷன் யுனிவர்சிட்டின்னு ஒன்னு, அதுவும் ஃப்ரீ. ஏபிஐ (ரெண்டு சாஃப்ட்வேர் ஒன்னோட ஒன்னு பேசிக்கற வழி) டெஸ்டிங், அதுக்கான டூல் போஸ்ட்மேனோட சைட்லயே கத்துக்கலாம். பக் ரிப்போர்ட் எப்படி எழுதறதுன்னு பாக்க ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் பண்ற மொசில்லாவோட பக் லிஸ்ட் சைட், பக்சில்லா, தொறந்து படிங்க, ஃபயர்ஃபாக்ஸ்ல நிஜமா வந்த பக், யார் கண்டுபுடிச்சா, டெவலப்பர் என்ன பதில் சொன்னான், எப்ப சரி பண்ணாங்க, எல்லாம் பொதுவுல கெடக்கு. லைவ் ப்ராஜெக்ட்னா அது தாங்க லைவ்.

கட்டாயம் சேர தான் போறீங்கன்னா இத மட்டும் பாருங்க. தவணைன்னு சொன்னா "இது லோனா, எந்த ஃபைனான்ஸ் கம்பெனி"ன்னு எழுத்துல கேளுங்க. போன்ல ஆள் காத்திட்டிருக்கும் போது ஆதார் ஓடிபி போடாதீங்க. லோன்னா வேண்டாம்னு திருப்பி குடுக்க ஆரம்பத்துல கொஞ்சம் டைம் உண்டு, ஆர்பிஐ விதி, அத யாரும் சொல்ல மாட்டாங்க. ரீஃபண்ட் நாள் முதல் கிளாஸ்ல இருந்து கணக்கான்னு மெயில்ல வாங்குங்க. நம்ம ஊருன்னு சொன்னா ஊர்ல எந்த தெருன்னு கேளுங்க.

ஏற்கனவே மாட்டிட்டவங்க 1915க்கு போடுங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், நான் இன்னிக்கு காலைல பதிஞ்சிட்டேன். கோர்ஸே போலி, ஆளே இல்லன்னா 1930 சைபர் கிரைம், உடனே போடணும். ஃபைனான்ஸ்காரனுக்கு எழுத்துல கம்ப்ளைன்ட் குடுத்து 30 நாள்ல பதில் வரலன்னா ஆர்பிஐ ஆம்பட்ஸ்மேனுக்கு (ரிசர்வ் பேங்கோட குறை தீர்க்கற அதிகாரி) போகலாம், நான் எழுதி அனுப்பிட்டேன், காத்திட்டிருக்கேன்.

கோர்ஸ நிறுத்திட்டு இந்த மாதிரி லோன கேன்சல் பண்ண முடிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? என்ன லெட்டர் குடுத்தீங்க, யார புடிச்சீங்கன்னு கீழ சொல்லுங்க, 5ஆம் தேதி வர்றதுக்குள்ள எனக்கு தெரியணும்.