18 சர்வோ ரோபோ கிட்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிள்ளைகளுக்கு ரோபோ கிட் வாங்கித் தர நினைப்பவர்கள், குறிப்பாக சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள், இதைக் கடைசி வரை படியுங்கள். ஆறு கால் ரோபோ, 18 சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும் மோட்டார்), எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று விளம்பரம் போட்ட ஒரு ஆன்லைன் கடையில், என் அக்கா மகளுக்காக நாலாயிரம் ராண்டுக்கு மேல் கொடுத்து வாங்கினோம். வந்தது நிற்கக்கூட முடியாத ரோபோ. பணம் போனதைக்கூட பொறுத்துக்கொள்வேன். அந்தக் கடைக்காரர் வாரக்கணக்கில் பழியைத் தூக்கி அந்தப் பெண் எழுதிய புரோகிராம் மேல் போட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைக்காரர் தமிழ் பேசுகிறவர். "அண்ணா, நம்ம பிள்ளைங்களுக்குக் குறைஞ்ச சாமானைக் கொடுப்பேனா?" என்று போனில் கேட்டார். அந்த ஒரு பேச்சில்தான் நம்பினோம்.

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கான எஸ்காம் எக்ஸ்போ அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை ஆசையாகக் கால்களைப் பொருத்தினாள். ஒரு காலை மட்டும் அசைத்தால் அழகாக அசையும். ஆறு காலும் சேர்ந்து எழுந்தால் மோட்டார் எல்லாம் நடுங்கும், அப்படியே சரிந்து விழும். வாட்ஸ்அப்பில் கேட்டபோதெல்லாம் கடைக்காரர் சொன்னது ஒன்றுதான்: "கோடு (புரோகிராம்) தப்பு, மறுபடி எழுதச் சொல்லுங்க." அவளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ராத்திரி வரை உட்கார்ந்து மாற்றி மாற்றி எழுதினாள். கடைசியில், "மாமா, எனக்கு இது வரலை போல, விட்டுடலாமா?" என்றாள்.

உண்மையைக் கண்டுபிடித்தவளும் அவளேதான். ரோபோ சரியும் ஒவ்வொரு முறையும், அவள் எழுதிய புரோகிராமை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டரான ஆர்டுயினோ போர்டில் இருக்கும் சின்ன விளக்கு படபடவென்று மின்னுவதைக் கவனித்திருக்கிறாள். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது மின்னும் அதே மின்னல். அப்படியென்றால் நடு வேலையில் ஆர்டுயினோ அணைந்து மறுபடி உயிர் பெறுகிறது. புரோகிராமில் பிழை இருந்தால் பெரும்பாலும் கால் தப்பாக அசையும், போர்டு இப்படி அணைந்து எழாது.

சரி என்று வோல்ட்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை மோட்டார்களுக்குப் போகும் சிவப்பு, பழுப்பு ஒயர்களில் பிடித்தேன். சும்மா இருக்கும்போது 5 வோல்ட். கால்கள் எழும் நொடியில் நாலுக்குக் கீழே போனது. மல்டிமீட்டர் கொஞ்சம் மெதுவானது, அதனால் உண்மையான சரிவு அதைவிட மோசமாக இருந்திருக்கும். கிட்டோடு வந்த அடாப்டர் 5 வோல்ட், 2 ஆம்பியர். விளம்பரத்தில் சொன்ன மோட்டார் எம்ஜி996ஆர். அசையாமல் பிடித்து நிறுத்தினால் அதில் ஒன்றே ஒன்று 6 வோல்ட்டில் சுமார் 2.5 ஆம்பியர் இழுக்கும். சாதாரணமாக அசையும்போதே ஒவ்வொன்றும் அரை ஆம்பியருக்குக் குறையாது. பதினெட்டுக்கு 9 ஆம்பியர் வேண்டும், கால் மாட்டிக்கொண்டால் இன்னும் மேலே. 2 ஆம்பியர் அடாப்டரை வைத்து இதை ஓட்டச் சொல்வது, ஒரு வீட்டின் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டுத் தோட்டத்து ரப்பர் குழாயில் தண்ணீர் விடச் சொல்வது மாதிரி.

கூட வந்த விளக்கத்தாள் இன்னும் மோசம். மோட்டார்களின் சிவப்பு ஒயரை ப்ரெட்போர்டு (ஒயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் பலகை) வழியாக ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னில் செருகச் சொல்கிறது. ஆர்டுயினோ ஊனோவை கம்ப்யூட்டரில் செருகி ஓட்டினால் அந்தப் பின்னில் கிடைப்பது மொத்தமே 500 மில்லி ஆம்பியர்தான், அதற்கு மேல் போனால் போர்டில் உள்ள ஃபியூஸ் தடுக்கும். எங்கள் ப்ரெட்போர்டில் ஒரு ஓரம் சூடேறி இளகியிருந்தது. பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை இது. இதை எப்படிச் சும்மா விடுவது?

அப்புறம் அந்த கண்ட்ரோல் போர்டு. ஆர்டுயினோ சொல்வதை மோட்டார்களுக்கு அனுப்புவது அது. பெட்டியில் இருந்தது ஒரே ஒரு பிசிஏ9685. அந்தச் சிப்பில் இருப்பது 16 சேனல், ஒரு மோட்டாருக்கு ஒன்று. 18 மோட்டாருக்கு அது எப்படிப் போதும்? இரண்டு போர்டு வைத்து, ஒன்றின் முகவரியை (ஆர்டுயினோ அதை அடையாளம் காணும் எண்) மாற்ற ஈயம் வைத்து ஒட்டி, இரண்டையும் ஆர்டுயினோவிலிருந்து வரும் அதே இரண்டு சிக்னல் ஒயரில் ஓட்டலாம், சிரமமே இல்லை. ஆனால் அவர்கள் தந்தது ஒன்று. மீதி இரண்டு மோட்டாரை ஆர்டுயினோவிலேயே நேரடியாகச் செருகச் சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள்.

ப்ராஸ்பெக்டனில் ஒரு தொழிற்சாலையில் மின்வேலை பார்க்கும் நண்பர், கூடுதல் ஆம்பியர் தரும் பவர் சப்ளை ஒன்றை இரவல் தந்தார். அதன் நெகட்டிவையும் ஆர்டுயினோவின் கிரவுண்டையும் (அதன் நெகட்டிவ் முனை) சேர்த்து இணைத்தோம். புரோகிராமில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. விளக்கு மின்னவில்லை, போர்டு அணையவில்லை. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

ஆனால் கால்கள் அப்போதும் தளர்ந்தன, மூன்று மோட்டார் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன. அப்போதுதான் மோட்டார் மேல் சந்தேகம் வந்தது. நல்ல எம்ஜி996ஆர் 55 கிராம் இருக்கும். சமையலறைத் தராசில் வைத்தேன், பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் நாற்பது சொச்சம்தான். ஒன்றை மட்டும் பிரித்தேன்: வெளியே தெரியும் பல்சக்கரம் உலோகம், உள்ளே இருந்தவை வெள்ளை பிளாஸ்டிக். சுற்றிக்கொண்டே இருந்த மூன்றும் 360 டிகிரி ரகம். வெளியே பார்க்க 180 டிகிரி மோட்டார் போலவே இருக்கும், ஆனால் ஒரு கோணத்தில் நிற்கத் தெரியாது. காலுக்கு அது உதவவே உதவாது.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். 10 சென்டிமீட்டர் நீளக் குச்சியை மோட்டாரின் கையில் இறுக்கிக் கட்டி, நுனியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். அது 5 கிலோ-சென்டிமீட்டர் சுமை. 6 வோல்ட்டில் 11 என்று சொல்லி விற்கும் மோட்டார் இதைத் திணறாமல் தூக்க வேண்டும். எங்களுடையவை பாதி வழியில் நின்று முனகின. பதினெட்டு மோட்டாரின் எடையே முக்கால் கிலோ அளவுக்கு வரும், அதற்கு மேல் சட்டம், பேட்டரி. நடக்கும்போது மூன்று கால்தான் தரையில் இருக்கும். இவை எப்படித் தாங்கும்?

இந்தச் சோதனையை ஒரு மோட்டாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பிரித்துப் பார்ப்பதையும்தான். பொருளை நீங்கள் மாற்றிவிட்டீர்கள் என்று கடைக்காரர் வாதாட இடம் கொடுக்கக் கூடாது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. நடுக்கம் எல்லாமே பவர் சப்ளையால் வருவதில்லை. கிரவுண்டு ஒயர்கள் சேராவிட்டாலும் மோட்டார் ஆடும். அதனால் முதலில் அதைப் பாருங்கள். பிறகு அதே புரோகிராமை ஒரு மோட்டாரில் ஓட்டி, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வோல்ட்டேஜை அளந்து, எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள். ஒன்றில் ஒழுங்காக ஓடியது பத்தில் நடுங்கினால், எழுதிய பிள்ளையைத் திட்ட இடமில்லை.

"கோடு தப்பு" என்ற பதில் கடைக்காரருக்கு எதற்கு உதவியது என்று பிறகுதான் புரிந்தது. ஆன்லைனில் வாங்கிய பொருளை, கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்ப 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. நாங்கள் புரோகிராமை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் அந்த 7 நாள் ஓடிப்போனது.

அதோடு கதை முடிந்ததென்று அவர் நினைத்தார். பில்லின் அடியில் "எலக்ட்ரானிக் சாமானுக்குப் பணம் திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்திருந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினார். குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆவது பிரிவுப்படி, கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைக் கடைக்காரர் செலவிலேயே திருப்பலாம். பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்குத்தான். இதைப் பிரிவு எண்ணோடு எழுதி, வோல்ட்டேஜ் வீடியோ, தராசுப் படம், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் வைத்து ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். அதுவரை வாட்ஸ்அப்பில் பதில் சொல்லாத மனிதர் அன்றைக்கே போன் செய்தார். மோட்டாருக்கான பணம் வந்துவிட்டது. மற்றதுக்கு இழுக்கிறார். வாங்குபவர்களின் புகார்களை விசாரிக்கும், நுகர்பொருள், சேவைகளுக்கான ஆம்பட் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அதற்குக் கட்டணம் இல்லை.

அக்கா மகள் இப்போது நாலு கால் ரோபோ செய்கிறாள். எட்டு சின்ன எம்ஜி90எஸ் மோட்டார், ஒரே பிசிஏ9685 போர்டு, மோட்டார்களுக்குத் தனியாக 5 வோல்ட் 10 ஆம்பியர் சப்ளை. பழைய புரோகிராமில் கால்களின் எண்ணிக்கையையும் ஒரு காலுக்கான மோட்டார்களின் எண்ணிக்கையையும் குறைத்தாள், நடக்கிறது.

இதே மாதிரி கிட் வாங்கி, பிள்ளை மேல் பழி கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பொருள் கைக்கு வந்த தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டவில்லை என்றால் இன்றைக்கே எழுதுங்கள். நான் அனுப்பிய கடிதத்தின் நகல் வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்.