தேய்ந்த பழைய கியர்: வெர்னியரா, ஸ்கேனரா?

உதிரி பாகம் வருவது நின்றுபோன லேத்தில் நேர்ப்பல் கியர் ஒன்று தேய்ந்துவிட்டால், அதை அளந்து புதிதாக வெட்ட என் கை முதலில் வெர்னியர் காலிப்பருக்குத்தான் போகும். பொருளின் வடிவத்தைக் கணினியில் பதியும் 3D ஸ்கேனர் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுத்துவிடும். பல்லின் அசல் வடிவம் அதற்குத் தெரியாது. 40 பல், வெளிவிட்டம் 106.7 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, வரும் 42-ஆல் வெளிவிட்டத்தை வகுத்தால் 2.54. சரி, கிட்டத்தட்ட 2.5 மாட்யூல் (மி.மீ. கணக்கில் பல்லின் அளவு)தானே என்று வெட்டிவிடாதீர்கள். அது 10 டயமெட்ரல் பிட்ச், அதாவது ஓர் அங்குல விட்டத்துக்கு 10 பல் என்ற கணக்கு. அங்குலக் கணக்கில் செய்த பழைய பிரிட்டிஷ், அமெரிக்க மெஷின்களின் அளவு. மாட்யூல் கியர் அதோடு சேராது.

பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லருக்கு ஸ்கேனர்தான். வளைந்த இறக்கையை வெர்னியரால் பிடிக்க முடியாது. பளபளப்பான உலோகமானால் வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே அடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், வார்ப்பிரும்பில் வார்ப்பதானால் சுருக்கத்துக்குச் சுமார் 1 சதவீதம் கூட்டியே பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி) செய்ய வேண்டும். தண்டு நுழையும் துளையையும், தண்டோடு பூட்டும் சாவிப் பள்ளத்தையும் மட்டும் அங்கேயும் கையால் அளப்பதே நல்லது.