மணல் வரியா, மாணிக்க மாலையா? திசுக்களின் கோலத்துக்கு எந்தக் கணித மாதிரி?

தோவாளையில் மாணிக்க மாலை கட்டும் கையை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை; எந்த இடத்தில் எந்த நிறம் என்பது அந்தக் கைக்கு முன்பே தெரியும். அதே நாள் மாலையில் முட்டம் கடற்கரைக்குப் போனால், காற்று மணலில் இழுத்து வைத்த வரிகளைக் காணலாம். அவற்றை யாரும் எண்ணிப் போடவில்லை. ஒரு சிறு மேடு தனக்குப் பின்னால் மணல் விழாமல் மறைக்கிறது. அதனால் அடுத்த மேடு சற்றுத் தள்ளி எழுகிறது. இடைவெளி தானாக அமைகிறது.

உயிருள்ள திசுவில் வரியும் புள்ளியும் விரலும் எப்படித் தோன்றுகின்றன என்ற கேள்விக்கான இரு பெரிய விடைகளும் இப்படித்தான் பிரிந்து நிற்கின்றன. நாகர்கோவிலில் என்னிடம் கணிதம் படிக்கும் மாணவர்கள் சிலரோடு சனிக்கிழமைகளில் இவற்றைக் கணினியில் செய்து பார்த்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் எந்த மாதிரியில் தொடங்குவது என்றே கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மணல் வரியின் பக்கம் நிற்பவர் ஆலன் டூரிங். கணினியியலின் முன்னோடியாக அறியப்படும் அவர் 1952இல் ஒரே ஒரு கட்டுரையில் இதைச் சொன்னார். இரண்டு வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்தபடி பரவுகின்றன. பரவல் என்றால் வேறுபாட்டை அழிப்பது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். தேநீரில் போட்ட சர்க்கரை எங்கும் சமமாகிவிடுகிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் பரவினால், சமநிலையே நிலைகுலைந்து கோலம் எழக்கூடும் என்று அவர் காட்டினார். இந்த முடிவை முதன்முறை கரும்பலகையில் வருவித்த நாளில் எனக்கு உடல் சிலிர்த்தது. 1972இல் ஆய்வாளர்கள் கீரரும் மைன்ஹார்ட்டும் இதைத் தெளிவான விதியாக்கினார்கள்: இரண்டில் ஒன்றான ஊக்கி தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு அருகிலேயே நிற்க வேண்டும், அதை அடக்கும் மற்றொன்றான தடுப்பி தொலைவு வரை ஓட வேண்டும்.

மாணிக்க மாலையின் பக்கம் நிற்பவர் உயிரியலாளர் லூயிஸ் வோல்பெர்ட். 1969இல் அவர் பிரெஞ்சுக் கொடியை உவமையாக்கினார். திசுவின் ஒரு முனையிலிருந்து ஒரு பொருள் பரவி, போகப்போகச் செறிவு குறைகிறது. ஒவ்வொரு செல்லும் தன் இடத்துச் செறிவைப் படித்து, தான் நீலமா வெள்ளையா சிவப்பா என்று முடிவு செய்கிறது. பழ ஈயின் கருவில் பைகாய்டு என்ற புரதம் இப்படியே தலைமுனையிலிருந்து குறைந்துகொண்டு போவதை 1988இல் அளந்து காட்டினார்கள். ஏறத்தாழ 500 மைக்ரோமீட்டர் நீளமுள்ள கருவில் அதன் தேய்வு நீளம், அதாவது செறிவு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறையும் தூரம், சுமார் 100 மைக்ரோமீட்டர்.

இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் சோதனை ஒன்று உண்டு. திசு இரு மடங்கு வளர்ந்தால் என்ன ஆகும்? டூரிங் மாதிரியில் இடைவெளியை வினையும் பரவலும் தீர்மானிக்கின்றன. இடம் கூடினால் புதிய வரிகள் புகும். 1995இல் கோண்டோவும் அசாயும் பவளப்பாறையில் வாழும் ஏஞ்சல் மீனில் இதையே கண்டார்கள். குஞ்சு 2 சென்டிமீட்டரிலிருந்து 4 சென்டிமீட்டராக வளர்ந்தபோது, பழைய வரிகளுக்கு நடுவே புதிய வரிகள் தோன்றி, பழைய இடைவெளி திரும்பியது. கொடி மாதிரியிலோ மூன்று பட்டைகள் என்றைக்கும் மூன்றுதான், அகலம்தான் மாறும்.

இந்த இடத்தில் என் மாணவர்களை ஒவ்வொரு ஆண்டும் எச்சரிக்கிறேன். திரையில் விழுந்த வரி மீனின் வரியைப் போல இருப்பதாலேயே மாதிரி மெய்யாகிவிடாது. பழ ஈக் கருவில் ஈவன்-ஸ்கிப்டு என்ற மரபணு செயல்படும் இடங்கள் 7 வரிகளாகத் தெரிகின்றன. பார்த்தால் டூரிங் கோலமேதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வரிகளுக்குத் தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் டிஎன்ஏவில் உள்ளன. இரண்டாம் வரியை பைகாய்டு, ஹன்ச்பேக் என்ற புரதங்கள் தூண்ட, ஜயன்டு, குருப்பல் என்ற புரதங்கள் இருபுறமும் அடக்குகின்றன. மணல் வரி என்று நினைத்தது, பூப்பூவாகக் கட்டிய மாலை.

மூன்றாவது வழி, செல்லையே அலகாகக் கொள்வது. 1992இல் கிரானரும் கிளேசியரும் அமைத்த செல்லுலார் பாட்ஸ் மாதிரியில் ஒவ்வொரு செல்லும் கணினித் திரையின் சில சிறு கட்டங்களின் தொகுப்பு. எந்த வகை எந்த வகையோடு எவ்வளவு ஒட்டும் என்று எண் கொடுத்துவிட்டால், கலந்து கிடந்த செல்கள் தாமே பிரிந்து, ஒட்டுதல் மிகுந்தவை உள்ளே சேர்கின்றன. காம்பியூசெல்3டி என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். ஜீப்ரா மீனின் வரிகள் நிறமிச் செல்கள் ஒன்றையொன்று தொட்டும் விலக்கியும் உருவாகின்றன என்று அறிந்த பிறகு இந்த வழியின் மதிப்பு என் கண்ணில் உயர்ந்தது. ஆனால் இரண்டே வகைச் செல்கள் என்றாலும், சுற்றியுள்ள ஊடகத்தையும் சேர்த்தால் ஒட்டுதலுக்கு மட்டும் 5 எண்கள் வேண்டும். அதன் கால அலகும் நொடி கிடையாது. ஆய்வகத் தரவோடு பொருத்திய பிறகே அது மணியாகவோ நாளாகவோ பொருள் பெறும். தரவு இல்லாத குழு இதில் இறங்கினால் எண்களை மாற்றிக்கொண்டே ஆண்டு கழிந்துவிடும்.

செலவு என்று பார்த்தால், டூரிங் மாதிரிக்குச் சாதாரண மடிக்கணினியும் பைத்தான் நிரல்மொழியும் போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இடத்தைச் சிறு கட்டங்களாகவும் காலத்தைச் சிறு அடிகளாகவும் பிரித்து எளிய முறையில் தீர்க்கும்போது, இரு பரிமாணத்தில் கட்ட அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் 4 மடங்காகும். நேர அடியையும் நான்கில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். வேலை 16 மடங்கு. குறைக்காமல் விட்டால் விடை வெடித்துச் சிதறும். எங்கள் குழுவில் அநேகமாக எல்லாரும் ஒருமுறை அதைப் பார்த்திருக்கிறார்கள். கொடி மாதிரியைக் காகிதத்திலேயே தீர்த்துவிடலாம்.

ஆகவே என் தேர்வு இது: முதல் மாதம் கொடி மாதிரி, அடுத்த ஆறு மாதம் டூரிங், கையில் நுண்ணோக்கிப் படங்கள் கிடைத்தால் மட்டும் செல் மாதிரி. முதல் இரண்டில் ஒன்றையே பிடித்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. எலியின் விரல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் பிஎம்பி, சாக்ஸ்9, டபிள்யூஎன்டி என்ற மூன்று மூலக்கூறுகளும் சேர்ந்த டூரிங் வலையமைப்பு விரல்களின் இடைவெளியைத் தருவதாகக் காட்டினார்கள். ஆனால் அந்த இடைவெளி, கருவில் கையாக வளரும் கைமொட்டின் அடியிலிருந்து நுனிவரை சரியாக விரிய, இடமறிந்து செயல்படும் பிற சமிக்ஞைகளும் தேவைப்பட்டன. இங்கே மணலும் மாலையும் ஒரே கையில் இருக்கின்றன.

நுண்ணோக்கி இல்லாத எங்களுக்கு வேறொரு திசு இருக்கிறது. ரப்பர் கன்றுகளுக்கு இடையே ஊடுபயிராக வளரும் அன்னாசியில், கண்கள் பெரும்பாலும் ஒருபுறம் 8, மறுபுறம் 13 சுருள்களாக ஓடும். இங்கே ஆக்சின் என்ற தாவர வளர்ச்சி ஹார்மோன் வெறுமனே பரவுவதில்லை. செல்கள் அதைத் திசை பார்த்துக் கடத்துகின்றன. ஒவ்வொரு மொட்டும் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சினை இழுத்துக்கொள்வதால் அடுத்தது தள்ளித்தான் பிறக்க முடியும். வரும் சனிக்கிழமை குலசேகரத்திலிருந்து வரும் மாணவி ஆறு பழங்கள் கொண்டுவருகிறாள். எண்ணிய பிறகுதான் வெட்டுவோம்.