பழைய பியட்டைப் புதுப்பிக்கப் போய் ரூ. 3,85,000 போச்சு

நேற்று மழை விட்டதும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடது ஹெட்லைட்டுக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்திருந்தது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன், அப்பளம் மாதிரி உள்ளே போய்விட்டது. தகரமே இல்லை. விரல் கனத்துக்குப் பட்டி (பெயின்டுக்கு முன் பள்ளத்தை அடைக்கும் பூச்சு), அதன் பின்னால் கசக்கித் திணித்த செய்தித்தாள். விரித்துப் பார்த்தால் போன வருட ஆடித் தள்ளுபடி விளம்பரம். வண்டி பட்டறையில் நின்ற அதே ஆடி!

அப்பா 1983-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி அது. வீட்டில் எல்லோருக்கும் 'பியட்'தான். கோவைப் பக்கம், பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் விட்டேன். (பெயர் வேண்டாம் என்கிறார் வக்கீல் நண்பர்.) உரிமையாளர் பானெட்டை இரண்டு தட்டு தட்டி, "அப்பா வண்டியா சார்? அப்போ காசைப் பத்தி நாம பேசவே கூடாது" என்றார். அங்கேதான் விழுந்தேன். பளபளவென்று நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைக் காட்டி, "நம்ம கைவேலை" என்று உட்காரவும் வைத்தார். அது வயரிங் பார்க்க மட்டும் வந்த வண்டி என்று அங்கிருந்த பையன் பிறகு சொன்னான்.

முதலில் சொன்னது 2 லட்சம், நான்கு மாதம். பிரித்துப் போட்டபின் இன்ஜினுக்கு 70,000, பம்பர், கிரில் குரோமுக்கு 45,000, சீட்டுக்கு 40,000, பாம்பே பார்ட்ஸ் என்று 30,000. ஆக 3,85,000. பிரித்த வண்டியைத் திருப்பி எடுத்துவர முடியுமா? அதுதான் அவர்கள் பிடி. திருச்சியில் ஓடுகிற நிலையில், பேப்பரெல்லாம் சரியாக இருந்த பத்மினியைச் சித்தப்பா 2,60,000-க்குக் காட்டினார். யாரோ வண்டி நமக்கெதுக்கு என்றேன். புத்தி!

தீபாவளி முடியட்டும், டிங்கர் (தகர வேலை செய்பவர்) ஊருக்குப் போயிருக்கார், ஈரத்துல குரோம் பிடிக்காது என்றே பதினோரு மாதம் ஓடியது. நேற்று போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. ராத்திரி ஒரு வரி: "மழையில நிறுத்தினா அப்படித்தான் சார்." 3,85,000 வாங்கினவர் சொல்கிற பதில்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. காந்தம் எடுத்துப் போங்கள், பட்டி இருக்கும் இடத்தில் ஒட்டாது. பெயின்ட் அடிக்கும் முன் வெறும் தகரத்தைக் கண்ணால் பாருங்கள். மொத்தமாக அட்வான்ஸ் தராதீர்கள். பாசம் இல்லையென்றால் முடித்த வண்டியையே வாங்குங்கள், ஆர்.சி. (பதிவுச் சான்று) காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

பத்மினிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, தரைத் தகடுதான் முதுகெலும்பு. அதை இன்னும் பார்க்கவில்லை. நாளைக்கு வேறொரு டிங்கர் வருகிறார், தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கப் போகிறோம்.