எட்டு வருடமாக ஒரே ரெஸ்யூமே கோப்பு: பாடாங் செராயிலிருந்து ஓர் அனுபவம்

2017-ல் மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள கூலிம் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்த கையோடு, பாடாங் செராய் கடைத்தெருவில் ஒரு பிரிண்டிங் கடையில் என் முதல் ரெஸ்யூமேயைத் தட்டச்சு செய்து வாங்கினேன். இரண்டு பக்கம். அதில் மதம், இனம், உயரம், எடை, அப்பாவின் தொழில், 12 இலக்க அடையாள அட்டை எண் எல்லாம் இருந்தன. கடைசியில் "கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்யத் தெரியும்" என்று இரண்டு வரி. முப்பது இடத்துக்கு மேல் அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்துதான் கூப்பிட்டார்கள்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் 26 வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், தமிழில் சொன்னேன். "நீ என்ன வேலை செஞ்சேன்னு ஒரு இடத்துலயும் காணோமே? எங்க கிராணி செக்ரோல்ல 'நல்லா வெட்டுனா'ன்னு எழுத மாட்டாரு. பாலை நிறுத்து, இத்தனை கிலோன்னுதான் எழுதுவாரு. அதுக்குத்தான் சம்பளம்" என்றார். கிராணி என்பவர் தோட்டத்துக் கணக்கர், செக்ரோல் அன்றாட வேலையையும் கூலியையும் பதியும் பேரேடு. இத்தனை வருடத்தில் ரெஸ்யூமே பற்றி எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் இதைவிடச் சிறந்தது இன்னும் வரவில்லை.

அன்றைக்கு கூகுள் டாக்ஸில் ஒரு கோப்பு திறந்தேன். பெயரே 'செக்ரோல்'தான். இதை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் உட்கார்ந்து, அந்த மாதம் என்ன செய்தேன், எத்தனை, யாருக்குத் தெரியும், சான்று எங்கே இருக்கிறது என்று நாலு விஷயம் எழுதி வைப்பேன். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும், அந்த விளம்பரத்துக்குப் பொருந்துவதை இதிலிருந்து எடுத்துச் சுருக்கமான ரெஸ்யூமே தயாரிப்பேன். இப்போது செக்ரோல் 19 பக்கம். அதிலிருந்து போன ரெஸ்யூமே எதுவும் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டியதில்லை.

ஒரு உதாரணம். 2019 மார்ச்சில், தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தபோது எழுதியது: "இரவு ஷிப்டு. மூணாவது லைன். லேபல் மாறி ஒட்டியிருந்த 2 லாட்டை பேக்கிங்குக்கு முன்னாடியே பிடிச்சேன். லாட்டுக்கு 1,200. சூப்பர்வைசர் அதுக்கப்புறம் ஒரு செக் ஃபாரம் போட்டார்." ரெஸ்யூமேயில் இது ஒரே வரி ஆனது: "லேபல் பிழையை பேக்கிங்குக்கு முன் கண்டறிந்து 2,400 பாகங்கள் தவறாக அனுப்பப்படுவதைத் தடுத்தேன், அதைத் தொடர்ந்து லைனில் சரிபார்ப்புப் படிவம் அறிமுகமானது." அடுத்த மூன்று நேர்காணலிலும் முதல் கேள்வி இந்த வரியைப் பற்றித்தான் வந்தது. அந்த மாதமே எழுதியிருக்காவிட்டால் அந்த எண் எனக்கே மறந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: வாடிக்கையாளர் பெயர், பாகத்தின் எண் இதையெல்லாம் எழுதக்கூடாது. அது கம்பெனி ரகசியம். அதை வெளியே சொல்பவரை அடுத்த கம்பெனியும் நம்பாது.

2020-ல் சறுக்கினேன். மார்ச் 18-ல் கோவிட்டுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது, சில மாதத்தில் ஆட்குறைப்பில் என் பெயரும் வந்தது. சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) வேலை காப்புறுதித் திட்டம் 2018-லேயே நடப்புக்கு வந்துவிட்டது என்றாலும் எங்கள் பக்கம் நிறைய பேருக்கு அது தெரியாது. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும், பிறகு படிப்படியாகக் குறையும். அந்தப் பணம் வந்ததால்தான் கிடைத்த முதல் வேலையில் போய் விழாமல், நிதானமாகத் தேட முடிந்தது. இதைப் படிப்பவர் யாருக்காவது ஆட்குறைப்புக் கடிதம் கையில் வந்திருந்தால், ரெஸ்யூமேயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சொக்சோவுக்குப் போங்கள்.

சறுக்கல் என்றது வேறு விஷயம். அந்தச் சமயம் ஓர் இலவச வடிவமைப்புத் தளத்தில் அழகான மாதிரி ஒன்றைப் பிடித்தேன். பக்கத்தை நெடுக்காகப் பிரித்த இரண்டு பத்தி, இடப்பக்கம் நீல நிறம், திறமைகளுக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஆறு வாரம் அதைத்தான் அனுப்பினேன். பதிலே இல்லை. ஒரு கம்பெனியின் விண்ணப்பப் பக்கத்தில் கோப்பை ஏற்றியபோதுதான் காரணம் தெரிந்தது. அந்தப் பக்கம் ரெஸ்யூமேயைத் தானே படித்துக் கட்டங்களை நிரப்பியது. பதவி என்ற கட்டத்தில் என் தொலைபேசி எண் நின்றது. படித்த இடம் என்ற கட்டத்தில் 'தமிழ், மலாய், ஆங்கிலம்' என்று இருந்தது. இரண்டு பத்தியையும் குறுக்கே சேர்த்துப் படித்திருக்கிறது.

அன்றிலிருந்து எந்த ரெஸ்யூமேயையும் அனுப்புமுன் ஒரு சோதனை செய்கிறேன். பிடிஎஃப்பைத் திறந்து, முழுவதையும் தேர்வு செய்து, நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பேன். வரிசை குலையாமல் வந்தால் அனுப்பலாம். எழுத்தே வரவில்லை என்றால் அது வெறும் படம், கணினி அதைப் படிக்கத் தடுமாறும். வேர்டில் ஒற்றைப் பத்தியாக அடித்துச் சேமித்தது இன்றுவரை ஒருமுறைகூடக் குலையவில்லை. நட்சத்திரங்களையும் எடுத்துவிட்டேன். 'மலாய் நாலு நட்சத்திரம்' என்பதைவிட 'எஸ்பிஎம் மலாய் மொழியில் கிரெடிட்' (பள்ளி இறுதித் தேர்வில் நல்ல தேர்ச்சி) என்பது தெளிவு.

நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் சாய்கோடு போட முடியாது. சில இணையப் படிவங்களும் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பும். ரெஸ்யூமேயின் தலைப்பில் அடையாள அட்டையில் இருப்பதுபோல் முழுப் பெயரையும் எழுதுகிறேன், சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக. கோப்பின் பெயரில் மட்டும் அப்பா பெயரை விட்டுவிட்டு என் பெயரும் பதவியும்.

அடையாள அட்டை எண்ணை ரெஸ்யூமேயிலிருந்து 2018-லேயே எடுத்துவிட்டேன். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதில் ஆணா பெண்ணா என்பது. முகம் தெரியாதவரிடம் இத்தனையையும் கொடுக்கத் தேவையில்லை. வேலை உறுதியான பிறகு கேட்டால் கொடுக்கலாம். முகவரியும் அப்படித்தான், 'பாடாங் செராய், கெடா' போதும். அதன் பக்கத்திலேயே 'சொந்த மோட்டார் சைக்கிள் உண்டு, ஷிப்டு வேலைக்குத் தயார்' என்று போடுகிறேன். கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டை பக்கம் ஆள் எடுப்பவர்கள் கேட்பது அதைத்தான்.

ஏஐ செயலி ஒன்றை 2023 முதல் பயன்படுத்துகிறேன். ஆங்கில இலக்கணம் திருத்த மிகவும் உதவுகிறது. ஆனால் ஒருமுறை, நான் கேட்காமலேயே 'எட்டுப் பேர் குழுவை வழிநடத்தினார்' என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. அனுப்புமுன் கண்ணில் பட்டது. செக்ரோலில் இல்லாத எதுவும் ரெஸ்யூமேயில் இருக்கக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். போன மாதம் வந்த தம்பி ஒருவன் எஸ்பிஎம் முடித்து இரண்டு வருடம் சாப்பாட்டுக் கடையில் இருந்தவன். "எழுத ஒண்ணுமே இல்லக்கா, சும்மா கடையிலதான் இருந்தேன்" என்றான். கேட்டுக்கொண்டே போனேன். பதினாலு மேசை. வெள்ளிக்கிழமை இரவில் அவனும் இன்னொரு பையனும் மட்டும். கல்லாவை எண்ணி முதலாளியிடம் ஒப்படைப்பது அவன்தான். "எத்தனை வெள்ளி (ரிங்கிட்) இருக்கும்?" என்றேன். "ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐநூறு. ஒரு நாளும் குறைஞ்சதில்லக்கா." சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். அவனே கணினியைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை அடித்தான். தோட்டத்துப் பிள்ளைகள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். செய்த வேலையைச் சொல்வதைப் பெருமையடிப்பதாக நினைக்கிறார்கள். எழுத ஒன்றுமில்லை என்று சொல்பவர்களிடம்தான் நான் அதிக நேரம் உட்காருகிறேன்.

நம்மைப் பற்றி விசாரிக்க என்று ரெஸ்யூமேயில் பெயரும் எண்ணும் கொடுக்கிறோமே, அவர்களை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்துப் பேசிவிடுங்கள். என் பழைய சூப்பர்வைசர் எண்ணை மாற்றியது தெரியாமல் ஒரு வாய்ப்பை இழந்தேன்.

இந்த மாதப் பதிவில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது: புதிதாக வந்த 6 பேருக்கு அளவுக்கருவி பயிற்சி கொடுத்தேன். ரெஸ்யூமேயில் அதற்கு இடம் வேண்டும் என்றால் எஸ்பிஎம் பாட விவரத்தை எடுக்க வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். தமிழில் வாங்கிய ஏ-வை மட்டும் விட்டுவை என்கிறார். விட்டு வைத்திருக்கிறேன்.