92-ஆ, 95-ஆ? அக்வாவுக்கு எந்தப் பெற்றோல்

ரொயோட்டா அக்வா வாங்கியவுடன் எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை: "ஹைபிரிட் வாகனம், 95 அடிச்சால்தான் எஞ்சின் நிலைக்கும்." விசாரித்துப் பார்த்துவிட்டு 92-ஐயே அடித்து வருகிறேன். 95-க்காக லீற்றருக்குக் கூடக் காசு கொடுப்பதென்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

95 சுத்தமானது, பவர் கூடியது என்ற பேச்சு பெற்றோல் ஷெட்டில் அடிக்கடி காதில் விழும். 92, 95 என்பவை ஒக்டேன் எண்கள்; ஒக்டேன் எண் அதைச் சொல்வதில்லை. பிளக் பற்றவைத்த தீ வந்து சேருமுன் சிலிண்டரில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் அந்த எண். தாங்காவிட்டால் ஏற்றத்தில் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும்.

ஆகவே பார்க்க வேண்டியது, எந்த நாட்டுப் பெற்றோலுக்காக எஞ்சினைச் செய்தார்கள் என்பதை. ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச ஒக்டேன் 89, உயர்தரத்துக்கு 96. அக்வாவுக்கு அங்கே சாதாரண பெற்றோல்தான். இலங்கையில் நமக்குக் கிடைக்கும் 92 அந்த அளவை ஏற்கனவே தாண்டிவிட்டது. வெசல் ஹைபிரிட்டும் வேகன் ஆரும் அப்படியே.

"அக்வாவின் அமுக்க விகிதம் 13.4 ஆச்சே, 92 தாங்குமா?" என்று சிலர் கேட்பார்கள். பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதுதான் அமுக்க விகிதம்; அது கூடினால் தட்டலும் வரப் பார்க்கும். நியாயமான கேள்வி. ஆனால் இது அட்கின்சன் முறையில் ஓடும் எஞ்சின். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் உள்ளிழுக்கும் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். காற்றில் ஒரு பகுதி வெளியே திரும்பிவிடும். மிச்சம்தான் அமுக்கப்படுகிறது. அதனால் உண்மையான அமுக்கம் அந்த எண் காட்டுவதைவிடக் குறைவு.

சரி, 95 யாருக்கு? பென்ஸ், பிஎம்டபிள்யூ போன்ற ஐரோப்பிய வாகனங்களுக்கு. பெற்றோல் மூடியின் உள்பக்கத்தில் 95 என்று போட்டிருந்தால் யோசிக்காமல் அதையே அடியுங்கள். அவற்றில் 92 அடித்தால், தட்டலை உணரும் நொக் சென்சர் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றப் பார்க்கும், இழுவை குறையும். இப்படியான வாகனத்தை நான் நீண்ட காலம் ஓட்டியதில்லை, எனவே தேய்மானம் பற்றி அனுபவத்திலிருந்து பேச மாட்டேன்.

அக்வாவில் 92 அடித்து, கடுகண்ணாவ ஏற்றத்தில் தட்டல் கேட்டால், 95-க்கு மாறுமுன் பிளக்கையும் கரிப்படிவையும் பார்க்கச் சொல்லுங்கள். 95 அந்தச் சத்தத்தை மறைக்கலாம், கரியை எடுக்காது.