லைக்காவும் கான்டாக்ஸும்: 1930களின் ஜெர்மானியப் போட்டி

35 மி.மீ. படச்சுருளைப் பயன்படுத்தும் கையடக்கக் கேமராக்களில், 1930களில் நேருக்கு நேர் நின்றவை வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தின் லைக்காவும் டிரெஸ்டன் நகரத்து ஸெய்ஸ் ஐகான் நிறுவனத்தின் கான்டாக்ஸும் ஆகும். தொழில்நுட்ப விவரங்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் கான்டாக்ஸே வென்றிருக்க வேண்டும். நிலைத்ததோ லைக்கா.

நுண்ணோக்கிகளுக்குப் பெயர்பெற்ற லைட்ஸில் பணியாற்றிய ஓஸ்கார் பார்னாக் உருவாக்கிய லைக்கா, 1925இல் லைப்சிக் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. நான்கு நிறுவனங்கள் இணைந்து 1926இல் உருவான ஸெய்ஸ் ஐகான், 1932இல் கான்டாக்ஸைக் கொண்டு பதிலளித்தது. அதே ஆண்டில் லைக்காவும், எடுக்கப்படும் பொருளின் தூரத்தை இரு சாளரங்கள் வழியே கணிக்கும் தொலைவுமானியை லென்ஸோடு இணைந்ததாகப் பெற்றது.

லென்ஸைப் பொறுத்தவரை வாதத்திற்கு இடமே இல்லை. கண்ணாடிப் பரப்புகளுக்கு எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு வழக்கத்திற்கு வராத அந்நாளில், காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் ஒளியில் ஒரு பங்கைச் சிதறடித்துப் படத்தை மங்கச் செய்தது. லைட்ஸின் எஃப் 2 (லென்ஸின் திறப்பளவு; எண் குறையக் குறைய ஒளி கூடும்) சும்மார் லென்ஸில் அத்தகைய பரப்புகள் எட்டு. கான்டாக்ஸுக்கென லுட்விக் பெர்டெலே வடிவமைத்த ஸொன்னார் லென்ஸிலோ, எஃப் 1.5 வரை திறக்கும் வகையில்கூட, ஆறு மட்டுமே. எதிர்வெளிச்சத்தில் எடுத்த படங்களில் இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும்.

தொலைவுமானியிலும் நிலைமை அதுவே. லைக்காவின் இரு சாளரங்களுக்கு இடையே சுமார் 39 மி.மீ. இருக்க, 1936இல் வந்த இரண்டாம் கான்டாக்ஸில் அது 90 மி.மீ.; இடைவெளி கூடக் கூடத் தொலைவைத் துல்லியமாகக் கணிக்கலாம். மேலும், தொலைவைச் சரிசெய்ய ஒரு துளையிலும் காட்சியை வரையறுக்க இன்னொன்றிலும் பார்க்க வேண்டிய லைக்காவின் சங்கடம், இரண்டையும் ஒன்றாக்கிய அந்தக் கான்டாக்ஸில் இல்லை. ஆனால் ஓரத்தில் இருந்த தொலைவுமானிச் சாளரத்தை வலக்கை விரல் மறைத்துவிடும் என்பதால், அதைப் பிடிப்பதற்கென்றே தனிப் பழக்கம் தேவைப்பட்டது!

கான்டாக்ஸ் சறுக்கியது, படச்சுருளில் ஒளி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஷட்டரில். லைக்காவினுடையது பக்கவாட்டில் ஓடும் துணித்திரை. அமைப்பு எளிமையானது, ஓசை குறைவு, பழுதுபார்ப்பதும் ஓரளவு எளிது. கான்டாக்ஸினுடையது மேலிருந்து கீழாக இறங்கும் உலோகப் பட்டைகளாலானது; நொடியில் 1,250இல் ஒரு பங்கு வரை எட்டிய அதன் இயக்கமோ பல பற்சக்கரங்களையும் மெல்லிய பட்டு நாடாக்களையும் நம்பியிருந்தது. முதல் மாதிரி, சில ஆண்டுகளுக்குள் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டது. நாடா அறுந்தால் கேமராவையே பிரித்தாக வேண்டும்.

ஷட்டரே கான்டாக்ஸின் பலவீனம் என்பதற்குப் போட்டியாளர்களின் தேர்வை நான் வலுவான சான்றாகக் கருதுகிறேன். 1948இல் முதல் கேமராவை வெளியிட்ட நிக்கான், உடலின் வடிவத்தையும் லென்ஸ் பொருத்தும் முறையையும் கான்டாக்ஸைத் தழுவி அமைத்தது. ஷட்டருக்கோ லைக்காவின் துணித்திரை வழியை நாடியது. லைக்காவே 1954இல் தன் எம்3 மாதிரியில், திருகுமரைக்குப் பதிலாகத் திருப்பிப் பூட்டும் லென்ஸ் இணைப்பையும் ஒருங்கிணைந்த காட்சிச் சாளரத்தையும் ஏற்றுக்கொண்டது; துணித்திரையை விடவில்லை.

போருக்குப் பின் கான்டாக்ஸின் தயாரிப்புக் கருவிகளைச் சோவியத் அரசு கீவ் நகருக்குக் கொண்டுசென்றது. கீவ் என்ற பெயரிலேயே அந்தக் கேமரா 1980கள் வரை வெளிவந்தது. இன்று குறைந்த செலவில் கான்டாக்ஸ் அனுபவம் வேண்டுவோருக்கு அதுவே வழி. எனினும் என் தேர்வு மூன்றாம் லைக்காதான் (லைக்கா III; எம்3 அல்ல). ஸொன்னாரின் சோவியத் வடிவமான ஜூப்பிட்டர்-8 லென்ஸ் லைக்காவின் திருகுமரையிலும் செய்யப்பட்டது என்பதால், பெர்டெலேயின் கண்ணாடியைப் பார்னாக்கின் பெட்டியிலேயே பொருத்திக்கொள்ளலாம். அருகிலுள்ளவற்றை முழுத் திறப்பில் எடுக்கும்போது குவியம் சற்றே விலகக்கூடும் என்பதை மட்டும் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.